பாப்பாவோட மணிக்கட்டுல கடுகு சைஸுக்கு ஒரு பிளாஸ்டர்

பாப்பாவுக்கு மாறுகண் ஆபரேஷன் பண்ணப்போறோம்னு வீட்டுல சொன்னதும் அத்தை ரெண்டு நாளு எங்ககிட்ட பேசவே இல்ல. மாறுகண்ணு அதிர்ஷ்டம்டி, லட்சுமி கடாட்சம், அதைப்போயி யாராச்சும் கத்தி வச்சு சரி பண்ணுவாங்களான்னு அவங்க கட்சி. என் கட்சி என்னன்னா அந்த அதிர்ஷ்டம் ஸ்கூல்ல "ஒண்ணரைக் கண்ணு"ன்னு கூப்பிடுறப்ப எங்க போச்சுன்னு. அது தவிர கண்ணு டாக்டர் தெளிவா சொல்லிட்டாங்க, இது பாக்க எப்படி இருக்குங்கறது மட்டும் இல்ல, ஒரு கண்ணையே மூளை ஒதுக்கி வச்சிரும், அப்புறம் அந்தக் கண்ணுல பார்வையே மங்கிரும்னு. சரின்னு தேதி வாங்கியாச்சு. பாப்பாவுக்கு 6 வயசு.

இந்தப் போஸ்ட் கண்ணைப் பத்தி இல்ல. ஆபரேஷனுக்கு அப்புறம் வர்ற வாந்தியைப் பத்தி, அதுக்கு மணிக்கட்டுல போட்ட அக்குபங்சர் ஊசியைப் பத்தி. எனக்கு கத்தியை விட அந்த வாந்திதான் பயம், அதுக்குக் காரணம் இருக்கு.

4 வருஷத்துக்கு முன்னாடி மூத்தவனுக்கு டான்சில் எடுத்தோம். எந்த ஆஸ்பத்திரின்னு சொல்லல, சொல்லி என்ன ஆகப்போவுது. ஆபரேஷன் நல்லாத்தான் பண்ணாங்க, குறை சொல்ல மாட்டேன், ஆனா வெளிய கொண்டுவந்து பெட்ல போட்டு ஒரு மணி நேரத்துல ஆரம்பிச்சான் பாருங்க, காபி டிகாஷன் கலர்ல வாந்தி, நான் அலறிட்டேன், ரத்தம் கக்குறான்னு ஓடிப்போய் சிஸ்டரைக் கூப்பிட்டா அவங்க நிதானமா கிட்னி ட்ரேயை நீட்டிட்டு "அப்படித்தான்மா இருக்கும், உள்ள முழுங்குன பழைய ரத்தம் வருது"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. சொன்னது உண்மைதான், தொண்டையில கசியுற ரத்தம் வயித்துக்குள்ள போனா வயிறு அதை வச்சுக்காது. ஆனா அதை முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் வராண்டால உக்காந்து அழுதிருக்க மாட்டேன். சாயங்காலம் வரைக்கும் 6 தடவை. ஒவ்வொரு தடவையும் தொண்டைப் புண்ணு மேல புளிச்ச தண்ணி ஏறி இறங்குது, அவன் கத்தவும் முடியாம கண்ணுல தண்ணி மட்டும் ஓடுது. ஐஸ்க்ரீம் சாப்பிடலாம்னு ஆசை காட்டித்தான் கூட்டிட்டுப் போயிருந்தேன், அந்த ஐஸ்க்ரீம் ரெண்டு நாள் கழிச்சுத்தான் உள்ள போச்சு.

அதனால பாப்பாவுக்கு ஆபரேஷனுக்கு முந்தின வாரம் மயக்க டாக்டரைப் பாக்கச் சொன்னப்ப நான் உள்ள போனதும் போகாததுமா "மேடம், வாந்தி வருமா"ன்னுதான் கேட்டேன். பொதுவா யாரும் மயக்க டாக்டர்ட்ட பேசுறதே இல்ல, அவங்க யாருன்னே தெரியாது, நம்ம பிள்ளை உசிரு அந்த ஒரு மணி நேரம் அவங்க கையிலதான் இருக்கும். இந்த மேடம் பேப்பரைத் தள்ளி வச்சுட்டு திருப்பிக் கேட்டாங்க: "பஸ்ல போனா வாந்தி எடுப்பாளா? உங்களுக்கு ஏதாச்சும் ஆபரேஷன் ஆச்சா, அப்ப வாந்தி வந்துச்சா?"

பஸ்லயா? கொடைக்கானல் ரோட்ல எங்க வீட்டு ஆளுங்களுக்குன்னே கண்டக்டர் தனியா கேரி பேக் வச்சிருக்கணும். எனக்கு சிசேரியன் அன்னைக்கு பிள்ளையைப் பாத்ததை விட ட்ரேயைப் பாத்ததுதான் அதிகம். இதெல்லாம் சொன்னேன். மேடம் சிரிச்சுக்கிட்டே விரலை மடக்கி எண்ணுனாங்க. பிள்ளைங்களுக்குன்னே ஒரு கணக்கு இருக்காம், 2004ல ஜெர்மனிக்காரங்க போட்டது, நாலே நாலு கேள்வி. ஆபரேஷன் அரை மணி நேரத்துக்கு மேல போகுமா, வயசு 3 இல்ல அதுக்கு மேலயா, மாறுகண் ஆபரேஷனா, பிள்ளைக்கோ அப்பா அம்மா கூடப்பொறந்தவங்களுக்கோ முன்னாடி இப்படி வாந்தி வந்திருக்கா. ஒண்ணும் இல்லன்னா நூத்துல 9 பிள்ளைக்கு வாந்தி வரும், ஒண்ணு இருந்தா 10, ரெண்டுன்னா 30, மூணுன்னா 55, நாலும் இருந்தா 70. எங்க பாப்பா நாலுக்கு நாலு. முதல் மார்க்!

மாறுகண்ணுக்குன்னு ஏன் தனியா ஒரு மார்க்னு கேட்டேன், எனக்கு இது ரொம்பப் புதுசா இருந்துச்சு. கண்ணு எங்க இருக்கு வயிறு எங்க இருக்கு. கண்ணை அசைக்கிற தசையைப் பிடிச்சு இழுத்துத்தான் இந்த ஆபரேஷனே பண்ணணும், அப்படி இழுக்கும்போது அங்கிருந்து நரம்பு வழியா மூளைத்தண்டுக்கு தகவல் போகுது, பதிலுக்கு அங்கிருந்து கிளம்புற வேகஸ் நரம்பு நெஞ்சுக்கும் வயித்துக்கும் ரெண்டுக்கும் போற நரம்பு. அதனால இழுக்குறப்ப நெஞ்சுத் துடிப்பே திடீர்னு குறையும், மயக்க டாக்டர்ங்க மானிட்டரைப் பாத்துக்கிட்டே "கொஞ்சம் விடுங்க"ன்னு கண்ணு டாக்டரைச் சொல்லுவாங்களாம். அதே வழிதான் வாந்தியையும் கிளப்பி விடுதுன்னு சொல்றாங்க.

சரி இதுக்கு என்ன பண்ணுவீங்கன்னேன். ரெண்டு மருந்து ஏத்துவேன், ஒண்ணு உங்களுக்குத் தெரிஞ்சதுதான்னாங்க, ஆமா நம்ம எமெசெட்தான், எந்த அம்மா கைப்பையில அந்த சிரப் இல்ல, இன்னொண்ணு டெக்ஸாமெத்தசோன். அப்புறம் கொஞ்சம் நிறுத்தி "உங்களுக்கு ஆட்சேபணை இல்லன்னா மணிக்கட்டுல அக்குபங்சர் ஊசியும் போடுவேன், நான் அதையும் படிச்சிருக்கேன்"னாங்க.

எனக்கு மூஞ்சி மாறிருச்சு. ஏன்னா அக்குபங்சர்னாலே எனக்கு ஞாபகம் வர்றது எங்க தெரு முக்குல இருக்குற ஒரு ஹீலர். ஊசியே குத்த மாட்டாரு, விரலால ஒரு இடத்தைத் தொடுவாரு, அவ்வளவுதான், எல்லா வியாதியும் போயிரும். காய்ச்சலுக்கு மாத்திரை குடுக்காதீங்க, தடுப்பூசி போடாதீங்க, ஆபரேஷன்னா கழிவை உள்ளேயே அடைக்குறதுன்னு பேசுவாரு. பாப்பா கண்ணுக்கும் 10 தடவை தொட்டா நேராயிரும்னு எங்க அத்தைட்ட சொல்லி, அத்தை அதைப் பிடிச்சுக்கிட்டு என்னை ஒரு மாசம் பாடாப் படுத்தினாங்க. இதை மேடம்ட்ட அப்படியே சொல்லிட்டேன். அவங்க கோவப்படல. "அவரு ஆபரேஷன் வேணாம்ங்கறாரு, நான் ஆபரேஷன் முடிஞ்ச பிறகு பிள்ளை கஷ்டப்படக் கூடாதுன்னு பாக்குறேன். மருந்தை நான் குறைக்கப் போறதில்ல, கூட இது ஒண்ணு"ன்னாங்க. சரின்னுட்டேன்.

அந்த இடம் எதுன்னு என் கையிலயே காட்டினாங்க. உள்ளங்கைப் பக்கம் மணிக்கட்டு ரேகையில இருந்து மேல மூணு விரல் அகலம், நடுவுல ரெண்டு தசைநார் கயிறு மாதிரி தெரியும்ல, அதுக்கு இடையில. முக்கியமா அந்த மூணு விரல் பிள்ளையோட விரல், நம்ம விரல் இல்ல! நான் என் விரலை வச்சு பாப்பா கையில அளந்தா அது பாதி முழங்கைக்குப் போயிருது. சீனாக்காரங்க நெய்குவான்னு சொல்லுவாங்க, டாக்டருங்க புக்ல பி6. அதுக்கு நேர் கீழ மீடியன் நரம்பு ஓடுது.

ஆபரேஷன் அன்னைக்கு காலைல 6 மணி நேரம் வயித்துக்கு ஒண்ணும் கூடாது, வெறும் தண்ணி மட்டும் 2 மணி நேரம் முன்னாடி வரைக்கும் குடிக்கலாம்னாங்க. இதுவே பெரிய விஷயம், மூத்தவனை ராத்திரில இருந்து பச்சத்தண்ணி இல்லாம காயப்போட்டிருந்தாங்க, அவன் நாக்கு வறண்டு அழுதது இன்னும் காதுல இருக்கு. பாப்பா பச்சை கவுன் போட்டுக்கிட்டு பொம்மையைக் கையில பிடிச்சபடியே தியேட்டருக்குள்ள போயிட்டா. நான் வெளிய உக்காந்து சாமி பேரு எல்லாம் சொல்லி முடிச்சு, திரும்ப முதல்ல இருந்து ஆரம்பிச்சு, மூணாவது ரவுண்டுல கூப்பிட்டாங்க.

மயக்கத்துல இருக்கும்போதே ரெண்டு கையிலயும் ஊசி போட்டு, முடிச்சு எடுத்துட்டாங்களாம், குத்தின அடையாளமே தெரியல. அது முடி கனத்துக்குத்தான் இருக்கும், தடுப்பூசி ஊசி மாதிரி நடுவுல ஓட்டை கிடையாது, ஒரு தடவை யூஸ் பண்ணிட்டு தூக்கிப்போடுறது. எடுத்த இடத்துல கடுகு சைஸ்ல ஒரு உருண்டை வச்ச சின்ன பிளாஸ்டர் ஒட்டியிருந்துச்சு. "முழிச்சதும் நீங்க அதை மெதுவா அமுக்கி விடுங்க, குமட்டுதுன்னா இன்னும் கொஞ்சம் நேரம்"னு எனக்கு ஒரு வேலை குடுத்தாங்க. இதுல ஒரு விஷயம் சொல்லணும், ரெக்கவரில பிள்ளை முனகிக்கிட்டு கிடக்கும்போது அம்மாவுக்கு செய்ய ஒண்ணுமே இருக்காது, டிரிப்ஸை வேடிக்கை பாக்குறதைத் தவிர. மூத்தவன் தடவை நான் பிச்சைக்காரி மாதிரி நின்னேன். இந்தத் தடவை என் கட்டை விரலுக்காச்சும் ஒரு வேலை இருந்துச்சு.

என்ன ஆச்சுன்னா, வண்டில வீட்டுக்கு வர்றப்ப ஒரே ஒரு தடவை எடுத்தா, மஞ்சத்தண்ணி. அவ்வளவுதான். ராத்திரி ரசஞ்சோறு ரெண்டு வாய் சாப்பிட்டா. கண்ணு செவந்து மண்ணு விழுந்த மாதிரி உறுத்துதுன்னு சொன்னா, பாராசிட்டமால் குடுத்தோம், தூங்கிட்டா.

இப்ப நான் "பாத்தீங்களா, அக்குபங்சர் வேலை செஞ்சிருச்சு"ன்னு எழுதலாம், நிறைய பேரு லைக் போடுவாங்க. ஆனா ரெண்டு மருந்தும் கூட உள்ள போச்சே, அதுல எது வேலை செஞ்சுச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும். நூத்துல 70ன்னா மீதி 30 பிள்ளைக்கு ஒண்ணுமே பண்ணாட்டியும் வராதுன்னுதான அர்த்தம், எங்க பாப்பா அந்த 30ல ஒருத்தியாக்கூட இருக்கலாம். ரெண்டு பிள்ளையை வச்சு ஆராய்ச்சி பண்ண முடியாது. அதனால ராத்திரி பிள்ளைங்க தூங்கினப்புறம் உக்காந்து தேடிப் படிச்சேன், மேடமும் சிலது அனுப்பினாங்க.

ஆபரேஷன் வாந்திக்கு இந்த ஆராய்ச்சியை ஆரம்பிச்சு வச்சது சீனாக்காரங்க இல்ல, வட அயர்லாந்துல பெல்ஃபாஸ்ட்ல ஜான் டண்டீன்னு ஒரு மயக்க டாக்டர், பேராசிரியர். 1986ல சின்ன சின்ன கர்ப்பப்பை ஆபரேஷன் பண்ற பொம்பளைங்களுக்கு இந்தப் புள்ளியில ஊசி போட்டுப் பாத்து வாந்தி குறையுதுன்னு பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல எழுதினாரு. அவரு அப்புறம் பண்ணதுதான் எனக்குப் பிடிச்சது, அதே இடத்துல முதல்ல மரத்துப்போற ஊசி போட்டுட்டு அக்குபங்சர் பண்ணா வாந்தி குறையவே இல்ல. அப்ப நரம்பு வழியாத்தான் ஏதோ மேல போகுது, சும்மா மனசு நம்புறது மட்டும் இல்லன்னு ஆகுதுல்ல.

பிள்ளைங்க விஷயத்துக்கு வந்தா கதை அவ்வளவு நேரா இல்ல. 1991, 92ல கனடால டொரண்டோல டான்சில் பிள்ளைங்களுக்கும் மாறுகண் பிள்ளைங்களுக்கும் ஊசி போட்டுப் பாத்தாங்க, ஒரு பிரயோஜனமும் இல்லன்னு எழுதிட்டாங்க. படிச்சதும் எனக்கு சப்புன்னு ஆயிருச்சு. அப்புறம் 1998ல ஆஸ்திரியாவுல 40 மாறுகண் பிள்ளைங்களுக்கு ஊசிக்குப் பதிலா அந்தப் புள்ளியில லேசர் வச்சாங்க, வலியே இல்ல, பிள்ளை முழிச்சிருக்கும்போதே மயக்கம் குடுக்குறதுக்கு முன்னாடி ஒரு தடவை, முடிஞ்சப்புறம் ஒரு தடவை. லேசர் வச்சவங்கள்ல 25 சதவீதம் பேருக்கு வாந்தி, சும்மா வச்ச மாதிரி பாவ்லா பண்ணவங்கள்ல 85 சதவீதம். சின்ன ஆராய்ச்சிதான், இருந்தாலும் வித்தியாசத்தைப் பாருங்க. மயக்கம் குடுத்து எல்லாம் முடங்கின பிறகு குத்தினா சிக்னல் மூளைக்குப் போய்ச் சேருறது குறையுமோ, அதனாலதான் டொரண்டோல எடுபடலையோன்னு ஒரு வாதம் ரொம்ப நாளா இருக்கு. 2002ல அமெரிக்கால ரெண்டு வந்துச்சு. யேல் பல்கலைக்கழகத்துல அந்தப் புள்ளியில குளுக்கோஸ் தண்ணியை ஊசியால ஏத்தி விட்டாங்க, ட்ரோபெரிடால்ங்கற வாந்தி மருந்துக்கு சமமா ஆரம்ப நேரத்துல வேலை செஞ்சுச்சு. மில்வாக்கில டான்சில் பிள்ளைங்களுக்கு ஊசியில லேசா கரண்ட் விட்டுப் பாத்தாங்க, குமட்டல் குறைஞ்சுச்சு, வாந்தி அந்த அளவுக்குக் குறையல.

எல்லாத்தையும் மொத்தமா கூட்டிப் பாத்தது காக்ரேன்ங்கற அமைப்பு, 2015ல, பெரியவங்க பிள்ளைங்க எல்லாரும் சேத்து 59 ஆராய்ச்சி, 7667 பேரு. பொய்யா குத்துறதை விட நிஜமா அந்தப் புள்ளியைத் தூண்டினா குமட்டலும் வாந்தியும் குறையுது, மருந்தோட ஒப்பிட்டா பெரிய வித்தியாசம் இல்ல, மருந்தும் இதுவும் சேந்தா மருந்து மட்டும் குடுக்குறதை விட வாந்தி குறையுது ஆனா குமட்டல் குறையுறதா சொல்ல முடியல. கூடவே ஆதாரத்தோட தரம் கம்மின்னும் அவங்களே எழுதியிருக்காங்க. இதைத்தான் மேடம் "கூட இது ஒண்ணு"ன்னு ஒரே வரில சொல்லிட்டுப் போனாங்க போல.

வலிக்கு வருவோம், ஏன்னா மூத்தவனை நினைச்சாலே எனக்கு அதுதான். டான்சில் வலி ஆபரேஷன் அன்னைக்கு முடியுறது இல்ல, மூணாவது நாலாவது நாள்தான் உச்சம், பொருக்கு உதிருறப்ப மறுபடி ஒரு ஆட்டம். முன்னாடியெல்லாம் வெளிநாட்டுல இதுக்கு கோடீன் சிரப் குடுப்பாங்க. சில பிள்ளைங்க உடம்பு பொறவியிலேயே கோடீனை ரொம்ப வேகமா மார்ஃபினா மாத்திருமாம், வீட்டுல தூங்குற பிள்ளைக்கு மூச்சு நின்னு போய், 2013ல அமெரிக்க மருந்துத்துறை டான்சில் பிள்ளைங்களுக்கு கோடீன் கூடாதுன்னு கறுப்புக் கட்டம் போட்டு எச்சரிக்கை குடுத்துச்சு. இதைப் படிச்சப்ப வயித்தைக் கலக்கிருச்சு. அதுக்கப்புறம் மருந்து இல்லாம வேற என்ன சேக்கலாம்னு தேடுறதுல ஒரு நியாயம் இருக்குல்ல. அமெரிக்கால ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்துல 3 வயசுல இருந்து 12 வயசு வரைக்கும் 59 பிள்ளைங்களை எடுத்து, அதுல ஒரு பகுதிப் பிள்ளைங்களுக்கு டான்சில் ஆபரேஷன் நடக்கும்போதே ஊசி போட்டாங்க, பெத்தவங்களுக்கு யாருக்குப் போட்டாங்க யாருக்குப் போடலன்னு சொல்லவே இல்ல, வீட்டுல வலியைக் குறிச்சு வைக்கச் சொன்னாங்க, ஊசி போட்ட பிள்ளைங்க வலி கம்மியா இருந்துச்சுன்னு சொல்லியிருக்காங்க. 2015ல வந்தது. பாஸ்டன்ல காதுல குழாய் வைக்குற ஆபரேஷன்ல 60 பிள்ளைங்களுக்குப் பாத்ததுலயும் முழிக்குறப்ப உதைச்சுக்கிட்டு அழுறதும் வலியும் குறைஞ்சுருக்கு. வாந்திக்கு இருக்குற அளவு வலிக்கு ஆராய்ச்சி சேரல, இன்னும் பெருசா பண்ணணும்.

இடையில ஒண்ணு, வாட்ஸ்அப்ல ஒரு மெசேஜ் சுத்தும், அமெரிக்க பத்திரிகைக்காரர் ஒருத்தருக்கு சீனாவுல மயக்க மருந்தே இல்லாம அக்குபங்சர்லயே குடல்வால் ஆபரேஷன் பண்ணாங்கன்னு. கதையில பாதி பொய். 1971ல பெய்ஜிங் போன ஜேம்ஸ் ரெஸ்டனுக்கு ஆபரேஷன் மரத்துப்போற ஊசி போட்டுத்தான் நடந்துச்சு. அக்குபங்சர் குடுத்தது மறுநாள் ராத்திரி வயித்துல வாயு கட்டிக்கிட்டு அவதிப்பட்டப்ப, முழங்கையிலயும் முழங்காலுக்குக் கீழயும். அதாவது எங்க மேடம் பண்ண மாதிரிதான், ஆபரேஷனுக்குப் பதிலா இல்ல, ஆபரேஷனுக்கு அப்புறம். நம்ம நாட்டுல பி.கே. பாசுன்னு ஒரு டாக்டர் 1938ல சீனாவுக்குப் போன இந்திய மருத்துவக் குழுவுல இருந்தவரு, அவருதான் 1959ல கல்கத்தாவுல இதை ஆரம்பிச்சாரு. மத்திய சுகாதார அமைச்சகம் 2019ல தனி மருத்துவ முறையா ஏத்துக்கிச்சு. ஏத்துக்கிட்டாங்கங்கறதுக்காக தெரு முக்கு ஹீலர் சொல்ற எல்லாத்துக்கும் முத்திரை குத்திட்டாங்கன்னு அர்த்தம் இல்ல, அவரு அந்த உத்தரவை பிரேம் போட்டு மாட்டியிருக்காரு, அது வேற விஷயம்.

யாராச்சும் உங்க பிள்ளைக்கு ஆபரேஷன் வச்சிருந்தா, மயக்க டாக்டர்ட்ட உக்காந்து பேசுங்க, பஸ் வாந்தி கதை உட்பட எல்லாத்தையும் சொல்லுங்க, வெக்கப்படாதீங்க. ஊசி போடத் தெரிஞ்சவங்க எல்லா ஆஸ்பத்திரிலயும் இருக்க மாட்டாங்க, வெளிய இருந்து ஆளைக் கூட்டிட்டுப் போய் தியேட்டர் வாசல்ல நிக்கவும் முடியாது. அமுக்கி விடுறதுக்கு யாரும் வேணாம், பயண வாந்திக்குன்னு விக்குற சீ-பேண்ட் வளையமும் அதே புள்ளிக்குத்தான். ஆனா டிரிப்ஸ் ஊசி எந்தக் கையில இருக்குன்னு பாத்துட்டு சிஸ்டர்ட்ட கேட்டுட்டு அமுக்குங்க. ரத்தம் சீக்கிரம் உறையாத பிரச்சனை உள்ள பிள்ளைன்னா ஊசிக்கு முன்னாடி கண்டிப்பா சொல்லிரணும். டான்சில் பண்ண பிள்ளை வீட்டுக்கு வந்தப்புறம் பளிச்சுன்னு சிவப்பா ரத்தம் துப்பினா மணிக்கட்டை அமுக்கிக்கிட்டு உக்காராதீங்க, நேரா ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க. பழைய ரத்தம் வேற, இது வேற.

பாப்பா அந்தப் பிளாஸ்டரைப் பிரிக்கவே விடல. குளிக்குறப்ப கையைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு மூணு நாள் வச்சிருந்தா, நாலாவது நாள் அதுவா உரிஞ்சு விழுந்ததும் ஒரே அழுகை. அத்தை அதை எடுத்து வெளிச்சத்துல காட்டி உருண்டையைத் திருப்பித் திருப்பிப் பாத்தாங்க. தாயத்து மாதிரிதானடி இருக்கு, இதைக் கட்டிவிட்டதுக்கா இவ்வளவு படிச்சன்னு கேட்டுட்டு, கொஞ்ச நேரம் கழிச்சு கிச்சனுக்கு வந்து மெதுவா, "அந்த மேடம்ட்ட எனக்கும் முட்டிக்கு ஒண்ணு ஒட்டி விடச் சொல்லேன்"னாங்க.